தாண்டவராயரின் பச்சைத் திரை

தாண்டவராயர் என்றொரு இனம் உண்டு. பெற்றோர் வைத்த பெயர் வேறு. பரீட்சையில் தோற்பதைவிடப் பரீட்சையையே தாண்டிவிடுவது மேல் என்று வாழ்வதால் அலுவலகம் சூட்டிய பெயர் இது. இந்த இனத்தின் உயர்ந்த ரகம், கம்பைலர் தயாரிக்கும் இடங்களில் குடியிருக்கிறது.

கம்பைலர் என்பது, நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் மென்பொருள். ஒழுங்காக மாற்றுகிறதா என்று பார்க்க நூற்றுக்கணக்கில் சோதனைகள். அவற்றில் பலவற்றுக்கு, அந்தந்தக் கணினியோடு வரும் 'ஹெடர்' என்ற கோப்புகள் வேண்டும். அவை இல்லாத கணினியில் சோதனையை விட்டுவிடலாம். நியாயம்தான். அடுப்பே இல்லாத வீட்டில் போய்ச் சமையல் சரியில்லை என்று சொல்ல முடியுமா?

இந்த ஒரு நியாயம் போதும் நம்மவருக்கு. எங்கோ ஒரு கணினியில் சோதனை இடறினால் நாற்காலியில் சாய்வார், கழுத்தை இரு பக்கமும் நெட்டி முறிப்பார், "இந்த மெஷின்ல ஹெடர் இருக்காதுங்க" என்று பார்க்காமலே தீர்ப்புச் சொல்வார், 'கோப்பு இருந்தால் ஓடு, இல்லாவிட்டால் தாண்டு' என்று ஒரு வரி சேர்ப்பார், பிறகு 'தோல்வி இல்லை' என்று திரை பச்சையாகும்வரை அதையே வாஞ்சையோடு பார்த்துக்கொண்டிருப்பார். பச்சையாகும். ஆகாமல்?

ஒருநாள் மாலை ஒரு லிஃப்ட் கம்பெனிக்குக் கம்பைலர் போகவேண்டும். லிஃப்டை ஓட்டும் நிரலை அவர்கள் அதில்தான் மாற்றப்போகிறார்கள். 'சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போடவேண்டியவர் சோதனைப் பிரிவு அக்கா. தவறானால் அவர் தலைதான் உருளும்.

"எல்லாம் பாஸாப்பா?"

"ஒண்ணுகூட ஃபெயில் இல்லக்கா."

"அதையா கேட்டேன்? எத்தனை ஓடிச்சு?"

"ஃபெயிலே இல்லைங்கறேன்..."

"பரீட்சைக்கே போகாதவன்கூட அப்படித்தான் சொல்லுவான். தள்ளு, நான் பாக்கறேன்."

பார்த்தார். ஹெடர் அந்தக் கணினிகளிலேயே குத்துக்கல்லாட்டம் இருந்தது. ஆனால் நம்மவர் அதை எங்கே தேடச் சொல்லியிருந்தார் தெரியுமா? தன் சொந்த மடிக்கணினியில், தன் பெயரில் இருக்கும் ஃபோல்டரில்! அந்த ஃபோல்டர் வேறெந்தக் கணினியில் இருக்கும்? அத்தனை கணினிகளும் தேடிப்பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு, மாதக்கணக்காகத் தாண்டிக்கொண்டிருந்தன.

அக்கா இடத்தைத் திருத்தி ஓட்டினார். திரை செக்கச்செவேல்.

"எட்டாவது மாடின்னு அமுக்கினா இது எங்கப்பா போய் நிக்கும்?"

கையெழுத்து விழவில்லை. கம்பைலர் போகவில்லை. தாண்டவராயர் வருந்தினாரா? வருந்தினார்.

"நல்லா பச்சையா இருந்ததைத் தொட்டுக் கெடுத்துட்டீங்களேக்கா!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எனக்குச் சர்க்கரைன்னு யாரு சொன்னது? ஒரு ரிப்போர்ட்டைக் காட்டு பாப்போம்!" என்று வீட்டுக்காரியை மடக்குகிறாரே ஒருவர், அவருக்குக் கம்பைலர் என்றால் என்னவென்றே தெரியாது.

உங்கள் சட்டைப்பையை நான் தொடமாட்டேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.