இன்னும் கொஞ்சம் சேறு

புதிதாக ஒரு பொருளை வாங்கினால் அதைத் துடைத்துத் துடைத்துப் பத்திரமாக வைத்துக்கொள்பவர்கள் ஒரு ரகம். அவர்களை விட்டுவிடுவோம், தடுக்கி விழுந்தால் அவர்கள் மேல்தான் விழவேண்டும், அவ்வளவு பேர் இருக்கிறார்கள். நாம் பார்க்கப்போவது அதற்கு நேர்மாறான இனம். புத்தம் புதிதாக ஒன்றை வாங்கி, மாதக்கணக்கில் கண் வலிக்க, முதுகு வலிக்கப் பாடுபட்டு அதை அழுக்காக்கும் இனம். குட்டி ராணுவ டாங்கி செய்கிறவர் என்று இந்த இனத்து ஆளைச் சொல்வது தப்பு. ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் டாங்கியை ஒட்டி நிறுத்த இவருக்கு ஒரு வார விடுமுறை போதும். மிச்ச நாளெல்லாம் அதைத் துருப்பிடிக்க வைக்கத்தான்.

கையும் களவுமாக ஒருவரைப் பிடித்துவந்து நிறுத்தினால்தான் உங்களுக்குப் புரியும். இதோ, இவர் சலவைக்கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் ஊரார் சட்டையிலிருந்து கறையை எடுக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து டாங்கிக்குக் கறை வைக்கிறார். எடுத்ததை எங்காவது வைத்தாக வேண்டுமே! மாதிரி வண்டிகள் செய்வோர் சங்கத்தில் இவருக்குத் துருவாசர் என்று பெயர். கோபமெல்லாம் வராது. தொட்டதெல்லாம் துருவேறும், அவ்வளவுதான்.

வேலையை ஆரம்பித்துவிட்டால் வீட்டில் மின்விசிறி ஓடக்கூடாது, யாரும் தும்மக்கூடாது. பச்சைப் பூச்சு காய்ந்ததும், கிழிந்த ஸ்பாஞ்சுத் துண்டில் பழுப்பு நிறத்தைத் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பு விளிம்பாகத் தட்டுவார், பெயிண்ட் உரிந்ததுபோல் ஆகும். பென்சில் முனையைத் தேய்த்து அந்தக் கரியை விரலில் எடுத்து மூடியோரத்தில் தடவுவார், ஆட்கள் ஏறி இறங்கித் தேய்ந்த இரும்புபோல் மின்னும். எண்ணெய் வண்ணத்தில் புள்ளி வைத்து, தின்னரில் நனைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுப்பார், பல மழை கண்ட கறையாக ஒழுகும். பிறகு மண் நிறத்தூள். தூசிக்கு ஒன்று, ஈரச் சேற்றுக்கு ஒன்று, காய்ந்த சேற்றுக்கு ஒன்று. சேற்றில் இத்தனை ஜாதியா என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

தெருவில் லாரி நின்றால் போதும், குனிந்துவிடுவார்.

"என்ன சார் தேடறீங்க? ஏதாவது விழுந்துடுச்சா?" என்பார் டிரைவர்.

"இல்லப்பா, உன் மட்கார்டுல சேறு என்ன அழகா காஞ்சிருக்கு பாரு! தயவுசெஞ்சு கழுவிடாதே."

டிரைவர் அன்றைக்கே கழுவிவிட்டதாகக் கேள்வி. இவருடைய ஸ்கூட்டரைப் பார்க்கிறீர்களா? முகம் பார்த்துத் தலை வாரலாம். அதில் ஒரு பொட்டுச் சேறு பட்டால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.

இவ்வளவு கைவேலை தெரிந்தவர் பரிசு வாங்கிக் குவித்திருக்க வேண்டுமே? எங்கே! நிறுத்தத் தெரியாது, அதுதான் வியாதி. சங்கத்தின் கண்காட்சியில் நடுவராக வரும் பல் டாக்டர் வருஷம் தவறாமல் குனிந்து பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "அருமையா பண்ணியிருக்கீங்க. கொஞ்சம் அதிகமாயிடுச்சு." அந்தக் 'கொஞ்சம்' இவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, கடையில் இஸ்திரி போடும்போதெல்லாம் குத்தியது. இந்த வருஷம் மனைவியிடம் சரணடைந்துவிட்டார்.

"நீ எப்போ போதும்னு சொல்றியோ, அப்பவே பிரஷ்ஷைக் கீழ வெச்சிடறேன். ஒரே ஒரு தடவை அந்தக் கோப்பையை வாங்கிடணும்."

"சொன்னா கேப்பீங்களா?"

"சத்தியமா."

அந்த அம்மாளுக்குத் தையல் வேலை. நூலை எங்கே அறுக்க வேண்டும் என்று தெரிந்தவர். கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை, மேஜையைச் சுற்றிவந்து டாங்கியை நாலு பக்கமும் பார்த்தார்.

"போதும். இதுக்கு மேல தொடாதீங்க. நெஜமாவே எங்கயோ போயிட்டு அலுத்துப்போய் வந்து நிக்கிற மாதிரி இருக்கு. பாவமா இருக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு பாராட்டு இவர் காதில் விழுந்ததில்லை. கண் கலங்கிவிட்டது. அம்மாளே டாங்கியைச் செருப்புப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி மூடினார்.

காலையில் அம்மாள் உடை மாற்ற உள்ளே போனார். இவர் டேப்பைப் பிரித்தார். தொட அல்ல, சும்மா பார்க்கத்தான். பார்க்க வெளிச்சம் வேண்டாமா? ஜன்னலோரம் கொண்டுபோனார். வெளிச்சத்தில் பார்த்தால் இடது சக்கரத்தோரம் கொஞ்சம் மொட்டையாகத் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு கை! தூளைத் தூவி, அது ஒட்டுவதற்கான திரவத்தைச் சொட்டினார். ஈரம் பட்டதும் தூள் கறுத்து, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. போதவில்லை என்று இன்னும் தூவினார், இன்னும் சொட்டினார். அதுவும் மறைந்தது. சக்கரம் முடிந்து பக்கவாட்டுக்கு வந்தார், பக்கவாட்டிலிருந்து மேலே ஏறினார். திரவப் புட்டி காலியானதால் நிறுத்தினார்.

நனைந்த துணியில் கறை தெரியாது, காய்ந்தால்தான் பல்லைக் காட்டும் என்று தினமும் வாடிக்கையாளர்களுக்குப் பாடம் நடத்துபவர் யார்? இவர்தான். "காயட்டும்மா, அவசரப்பட்டா எப்படி?" என்பவர் யார்? சாட்சாத் இவரேதான்.

டேப்பை மறுபடி ஒட்டினார். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்த அம்மாள் பெட்டியைக் குழந்தையைப்போல் மடியில் அணைத்துக்கொண்டார். வெயில் சுளீரென்று அடித்தது.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்தால் டாங்கியைக் காணோம்! மறைந்த தூளெல்லாம் காய்ந்து, வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்திருந்தது. பாளம் பாளமாக வெடித்த ஒரு சேற்று மேடு. அதிலிருந்து பீரங்கிக் குழாயின் முனை மட்டும் எட்டிப் பார்த்தது.

"தொட்டீங்களா?"

"லேசா."

"எத்தனை லேசா?"

மனிதர் முகம் சுண்டிப்போய்விட்டது. கோப்பை போனால் போகட்டும், அவள் 'போதும்' என்று சொன்ன டாங்கி போய்விட்டதே என்றுதான் துக்கம். பெட்டியை மூடிக்கொண்டு ஓடிவிடலாம் என்று பார்ப்பதற்குள் பல் டாக்டர் வந்துவிட்டார்.

"வண்டி எங்க?"

"உள்ளதான் இருக்கு டாக்டர்," என்றார் அம்மாள். "நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்துச்சு."

டாக்டர் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். வெடிப்புகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கி, பக்கத்தில் இருந்த நிலக்காட்சிப் பிரிவு மேஜையில் வைத்தார்.

"காஞ்ச சேறுன்னா இதுதான் சேறு. இங்க வெச்சா ஒண்ணும் அதிகமில்ல."

முதல் பரிசு. மலை செய்தவரும் ஓடை செய்தவரும் இவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்கள். அம்மாளுக்கு வீடு வந்து சேரும்வரை சிரிப்பு அடங்கவில்லை. "டாங்கியை உயிரோட புதைச்சு கோப்பை வாங்கின ஒரே ஆள் நீங்கதான்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இவரும் சிரித்தார். கோப்பையை மேஜையில் வைத்து, தள்ளி நின்று பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார். தலையைச் சாய்த்தார்.

"கொஞ்சம் பளபளப்பு ஜாஸ்தியா இருக்கில்ல?"

கை தானாக ஸ்பாஞ்சைத் தேடியது. அம்மாள் கோப்பையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. சலூனிலிருந்து வந்தபிறகு கண்ணாடி முன்னால் கத்தரியை எடுப்பவர், சமாதானமாகி முடிந்த சண்டையில் கடைசியாக ஒரு விளக்கம் சொல்லப் போகிறவர், சரியாக இருக்கும் சமையலில் இன்னொரு சிட்டிகை உப்பு போடுபவர், இவர்களெல்லாம் யாரோ வேற்றாட்கள், நீங்கள் இல்லை. நம்புகிறோம். ஆனால் பீரோவைப் பூட்டிய இடத்திலேயே முடிந்துபோன இந்தக் கதைக்கு இன்னும் ஒரே ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்குமே என்று இப்போது தோன்றுகிறதா?