வரிசை முழுக்க மேலங்கிகள்

இருட்டில் ஒருவரோடு சண்டை பிடிப்பதிலுள்ள பெருந்தீமை, விளக்கு எரிந்ததும் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான். பகலில் சண்டைக்குப் போகிறவன், எதிரே நிற்பவர் யார், எவர் வீட்டார், நாளை எங்கே எதிர்ப்படுவார் என்றெல்லாம் எண்ணிக்கொண்டே வாயைத் திறக்கிறான். இருட்டில் நியாயம் ஒன்றே துணை. அன்றைக்கு நியாயம் என் பக்கம் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. (அதை மாற்றச் சொல்லிக் கேட்டு வீட்டார் களைத்துப் போனார்கள்.)

யாழ்ப்பாணத்தில் இலக்கணம் கற்பித்தவன் நான். சுவிற்சர்லாந்துக்கு வந்த பின் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றே என் பணியாக நெடுங்காலம் இருந்தது. அக்காலத்தில் மாதம் ஒரு திரைப்படமாவது பார்த்து, வீடு திரும்பும் வழியெல்லாம் அதைத் திட்டித் தீர்ப்பேன். இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு வைகாசிக்குப் பிறகு எங்கள் வீட்டில் எவரும் படம் பார்க்கவில்லை. அதற்கான காரணத்தை என் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. பிறகு, மனம் சற்றே தேறி, இனி ஒரு படம் பார்த்தால் என்ன என்று தோன்றிய வேளையில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதி. ஐம்பத்தைந்து வயதில் முதல் நாள் வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் முறைக்கு இந்நாட்டார் ஃப்ரூடீன்ஸ்ற் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கும் அளவுக்கு நான் விழிப்பதற்குள் பாதிப் பணி முடிந்துவிடும். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, மேற்சட்டை, கீழ்ச்சட்டை என்று உலகத்துத் துணியெல்லாம் என் கையால் மடிந்தன. வீட்டுக்கு வந்தால் உணவு, உறக்கம். இவ்வாறு எட்டு மாதங்கள் கழிந்தன.

ஒரு சனிக்கிழமை மாலை, விழித்த நிலையில் உணவு மேசையில் அமர்ந்திருந்தபோதுதான் உலகம் என்னை விட்டுவிட்டு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது தெரிந்தது. கூடத்துத் திரைச்சீலைகளின் நிறம் மாறியிருந்தது. அடுத்த வீட்டுக் குடும்பம் ரெனானுக்குக் குடிபெயர்ந்து, பிரெஞ்சு கதைக்கவும் பழகிவிட்டதாம். நான் பெயரே கேட்டிராத ஒரு நடிகன் புகழின் உச்சிக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டான்.

"எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லையா?" என்று சினந்தேன்.

"சொன்னனாங்கள் அப்பா. நீங்கள் 'ஓம்' எண்டும் சொன்னனீங்கள். நித்திரையிலை" என்றாள் மகள் எழினி.

"நாளைக்கே ஒரு படத்துக்குப் போகிறோம்" என்று அறிவித்தேன். நான் வெளியே போவோம் என்றால் ஆயிரம் தடை சொல்லும் என் மனைவி பவளராணி, அன்று மறுபேச்சில்லாமல், "ஓம் ஓம், கட்டாயம் போவம்" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு ஐயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வாசகர் என்னைப்போல் இருட்டில் இருக்க வேண்டாம். என் மகளுக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. பெயர் அருணன். நல்ல பிள்ளை. ஆனால் அவனுடைய தகப்பனார் நவரத்தினத்தை 'மாப்பிள்ளையின் தகப்பன்' என்று என் முன்னே கொண்டுவந்து நிறுத்தினால், நான் விடைத்தாள் திருத்துவதுபோல் அவரைத் திருத்தி, பெயிலாக்கி அனுப்பிவிடுவேன் என்று தாயும் மகளும் அஞ்சினார்கள். (வீண் அச்சம் என்று சொல்ல மாட்டேன்.) அவரும் எரிமலைக்குப் பிறந்தவர்தானாம். ஆகவே இரண்டு தகப்பன்மாரையும், எவர் எவரென்று சொல்லாமல், திரையரங்கில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் இருத்திவிடுவதென்று ஒரு திட்டம். படம் பார்ப்பார்கள், இடைவேளையில் ரோல்ஸ் தின்பார்கள், தாமாகவே நட்பாவார்கள். அதன் பிறகு விடயத்தை எடுக்கலாம். எட்டு மாதமாகத் தீட்டிய திட்டம். என் மகளின் கல்யாணம் முழுவதும் அந்த இரண்டு இருக்கைகளின்மேல் கிடந்தது. அது தெரியாதவர்கள் இருவரே: நானும் நவரத்தினமும்.

எங்கள் படங்கள் இங்கே ஞாயிறு காலையில்தான் ஓடும். உள்ளூர்த் திரையரங்கு அப்போது சும்மா கிடப்பதால் நம்மவர் ஒருவர் அதை வாடகைக்கு எடுப்பார். அன்று பதினொரு மணிக்குக் காட்சி. வாசலில் மனைவி என் கையைப் பிடித்தார்.

"இஞ்சேருங்கோ, இப்ப உள்ளை போகாதேங்கோ. கொஞ்சம் நிண்டு, எல்லாருமாப் போவம்."

"எல்லாரும் என்றால் யார்? நாம் மூவர்தானே?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் வீதியைப் பார்த்தாள். எட்டு மாதம் ஃப்ரூடீன்ஸ்ற் செய்தவனை நேரம் தவறச் சொல்வதா? கையை உதறிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே ஒன்பதாம் வரிசையில் மனிதர் எவருமில்லை. மேலங்கிகள் இருந்தன. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, இருக்கைக்கு ஒன்றாக, கைகளை அகல விரித்துக்கொண்டு மேலங்கிகள் வீற்றிருந்தன. அப்போது ஆனி மாதம்! வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பனிச்சறுக்கு அனுமதிச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு குளிரங்கி, குழந்தை ஒன்றின் முயற்காது வைத்த அங்கி, நட்டநடுவில் அரசனைப்போல் ஒரு கறுப்புத் தோலங்கி. முனை இருக்கையில் ஓர் அம்மையார் காவலிருந்தார். காலடியில் வெறும் பயணப்பை. வீட்டிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்!

"உதிலை இருக்கேலாது அண்ணை. ஆக்கள் வருகினம்."

"எங்கிருந்து வருகிறார்கள்?"

"பேர்ணிலையிருந்து சொந்தக்காரர். இப்பதான் ரெயின் ஏறினவையாம்."

"படம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கிறது, அம்மா!"

"அதுக்கென்ன? அவை வந்து மிச்சத்தைப் பாப்பினம். நடுவிலை மட்டும் தொடாதேங்கோ. அது முக்கியமான ஆள் ஒருத்தருக்கு."

அந்தச் சொல்தான் என் தலையில் தீ வைத்தது. முக்கியமான ஆள்! நான் வாரம் முழுவதும் நின்று வேலை செய்தவன், எட்டு மாதத்தில் ஒரேயொரு படம் பார்க்க வந்தவன். எனக்கு இடமில்லை, எவனோ ஒரு முக்கியப் புள்ளிக்கு நடு இருக்கையா?

நான் கூச்சலிடவில்லை. தொழில் செய்தேன். முதல் அங்கியை எடுத்தேன். கைகளைப் பின்னால் மடித்து, தோளோடு தோள் பொருத்தி, மூன்றாக மடித்தேன். அடுத்ததையும் அவ்வாறே. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியே மெச்சும்படியாக முழு வரிசையையும் மடித்து அடுக்கி, தோலங்கியை உச்சியில் வைத்து, அம்மையாரின் பயணப்பையின்மேல் பணிவாக இறக்கினேன். பின்பு அந்த முக்கியமான ஆளின் இருக்கையிலேயே அமர்ந்தேன்.

(அந்த முக்கியமான ஆள் நான்தான். எனக்காகக் காத்திருந்த இருக்கைக்காக நானே போர் தொடுத்து, நானே வென்றேன். வரலாற்றில் வேறெவருக்கும் இந்தப் பெருமை வாய்த்திருக்காது.)

அம்மையார் வாய் பிளந்து நின்றுவிட்டுக் கணவரைத் தேடி ஓடினார். ஓரமாக நின்றுகொண்டிருந்த கூட்டம் நல்வாய்ப்பென்று உள்ளே பாய்ந்து வரிசையை நிரப்பியது. விளக்கு அணைந்தது.

சிறிது நேரத்தில் ஒரு கனத்த குரல் என் காதருகே கேட்டது. "அண்ணை, எழும்புங்கோ. இது நான் ஜக்கெற் போட்ட இடம்."

"மேலங்கிக்குத் திரைப்படம் விளங்காது. மனிதர் வந்து அமர்வதற்கே இருக்கை."

"என்ன, பட்டிமண்டபமோ நடக்குது? எழும்பும் காணும்!"

"எழுந்திருக்க மாட்டேன்."

பின்னால் கதவருகே இடம் தேடி நின்ற எழினி, 'மேலங்கிக்குத் திரைப்படம் விளங்காது' என்ற வசனத்தைக் கேட்டதுமே தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாளாம். அந்த அரங்கில் அப்படிச் சண்டை பிடிக்கிற வேறு ஆள் இல்லையே.

அந்த மனிதர் எனக்கு நேர் பின்னால் ஓர் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து அவர் பழிதீர்க்கத் தொடங்கிய விதம் கொடியது. அவர் படத்தை ஏற்கெனவே வீட்டில் களவாகப் பதிந்த குறுந்தட்டில் பார்த்திருந்தார்!

"இவன் நல்லவன் மாதிரித்தான் நிப்பான். பாருங்கோ, கடைசியிலை இவன்தான் வில்லன்."

பல்லைக் கடித்தேன்.

"இந்தத் தாய் இப்ப சாகப்போறா. பாட்டு முடிய நெஞ்சைப் பிடிப்பா."

பாட்டு முடிந்தது. நெஞ்சைப் பிடித்தார். எட்டு மாதங்களின் உறக்கமும் துணியும் நீராவியும் ஒன்றாகத் திரண்டு என்னை எழுப்பின. எழுந்து திரும்பினேன். என் தலையின் நிழல், இறந்துகொண்டிருந்த அந்தத் தாயின்மேல் மலைபோல் விழுந்தது. அரங்கமே "இரும், இரும்!" என்று கத்தியது.

"ஐயா! பிறர் உழைத்த பணத்தில் வாங்கிய இன்பத்தைக் கெடுப்பது எவ்வகைப் பண்பு? உம்மைப் போன்றவர் வீட்டில் வளர்ந்த பிள்ளை எந்த இலட்சணத்தில் இருக்கும்!"

"என்ரை பிள்ளைக்கு என்ன குறை? உமக்கு ஒரு பிள்ளை இருந்தா, அதைக் கட்டுறவன்தான் பாவம்! சீதனமாக் காதுக்குப் பஞ்சு குடுத்து விடும்!"

இந்நாட்டுத் திரையரங்குகளில், படத்தில் இடைவேளை எங்கே வந்தாலும், இயந்திரக்காரர் தமது கடிகாரப்படிதான் நிறுத்துவார். தாய் முழுதாக இறக்கவில்லை. படம் நின்றது. விளக்குகள் எரிந்தன.

இரண்டு அங்குல இடைவெளியில் ஒரு சிவந்த முகம். அதற்குப் பக்கத்தில் காவலிருந்த அம்மையார், மடியில் நான் மடித்த அங்கிகளோடு. நடைபாதையில், கையில் ரோல்ஸ் தட்டுடன் என் மனைவி. அவருக்குப் பின்னால் எழினி. அவளுக்குப் பக்கத்தில் வெளிறிப்போன ஓர் இளைஞன்.

"அப்பா," என்றாள் எழினி, "இவர் அருணன். நான் கட்ட விரும்புறவர். இவ அருணன்ரை அம்மா. நீங்கள் இப்ப ஏசிக்கொண்டு நிக்கிறது அருணன்ரை அப்பா."

நவரத்தினம்தான் முதலில் வாய் திறந்தார். "அருண், வா, வீட்டை போவம். இந்தச் சம்மந்தம் சரிவராது."

"நானும் அதையே சொல்ல இருந்தேன்" என்றேன். அந்த ஒரு விடயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

எழினியின் கண்கள் நிறைந்தன. ஆனால் அவள் அழவில்லை. அவள் இந்நாட்டுப் பாலர் பாடசாலையில் ஆசிரியை. சண்டை பிடித்த இரு சிறுவரை என்ன செய்வதென்று பயின்றவள். முன்வரிசையின் மூலையில், திரை மூக்கில் முட்டும் தூரத்தில், எவரும் விரும்பாத இரண்டு இருக்கைகள் வெறுமையாக இருந்தன. விரலை நீட்டினாள்.

"ரெண்டு பேரும் அங்கை போய் இருங்கோ. படம் முடியுமட்டும் ஒருத்தரும் எழும்பக் கூடாது. பிறகும் வேண்டாமெண்டா, நான் உங்கள் ரெண்டு பேரையும் கேக்காமல் கட்டுவன். கேட்டுக் கட்டத்தான் இவ்வளவு பாடு பட்டனாங்கள்."

போய் இருந்தோம். வேறென்ன செய்வது?

கழுத்தைப் பின்னுக்கு வளைத்தபடி, ஒருவரையொருவர் பாராமல், பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தோம். அப்போது திரையில் ஆல்ப்ஸ் மலை தோன்றியது. கதாநாயகனும் நாயகியும் எங்கள் நாட்டுக்கே பாட்டுப் பாட வந்துவிட்டார்கள். நாயகன் ஒரு தொடருந்தில் ஏறினான். பச்சை மலைக்கும் வெள்ளைப் பனிக்கும் நடுவே இறங்கினான்.

பக்கத்து இருக்கையிலிருந்து ஓர் உறுமல். "உந்த ரெயின் அங்கை போகாது."

நவரத்தினத்துக்குத் தொடருந்துப் பெட்டிகள் துப்புரவு செய்யும் வேலை என்பதை நான் அறியேன். ஆயினும் அந்தக் குரலிலிருந்த சினம் கலப்படமற்றது. அப்படிப்பட்ட சினத்தை நான் என்னிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன்.

நாயகன் வெண்ணிறக் காற்சட்டையோடு புல்வெளியில் உருண்டான். எழுந்தான். ஒரு கறைகூட இல்லை!

"பொய்!" என்றேன். "புற்கறை அப்படிப் போகாது. இரண்டு முறை ஊறவைத்தாலும் முழங்காலில் பச்சை நிற்கும்."

"கையில்லாத சட்டையோடை பனிக்குள்ளை நிக்கிறான், விசரன். சளியெண்டாலும் பிடிச்சதோ?"

"அவளைப் பாரும். வெறும் மெல்லிய சேலை!"

"பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒரு ஜக்கெற்றைக் குடுக்கலாமெல்லோ!"

"அதற்கு உம்முடைய வீட்டு மூட்டையைத்தான் அனுப்ப வேண்டும்" என்றேன்.

அவர் திரும்பி என்னை முறைத்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. நான் சிரிக்கவில்லை. (சிரித்தீர்கள் என்று மனைவி சொல்கிறார். கடைசி வரிசைவரை கேட்டதாம்.)

அதன் பின் அந்தப் படத்தை நாங்கள் காட்சி காட்சியாகக் கிழித்தோம். எங்கள் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வெடித்தது:

"அண்ணைமார்! வாயைக் கொஞ்சம் மூடுறியளோ? நாங்களும் ரிக்கெற் எடுத்துத்தான் வந்தனாங்கள். வயசு போன ஆக்கள், கொஞ்சமெண்டாலும் பண்பு வேண்டாமோ?"

பண்பு! என்னைப் பார்த்து! இந்தச் சொல்லை நான் இன்னும் முகம் தெரியாத அந்தப் பெண்மணிக்கு மன்னிக்கவில்லை. நவரத்தினமும் மன்னிக்கவில்லை. சம்பந்திகளாக நாங்கள் முதன்முதலில் ஒருமனப்பட்டது அவரைத் திட்டுவதில்தான்.

திருமணம் நடந்தது. திரிம்பாக் கோவிலில் தாலி ஏறிய அன்று, சபையின் முன்வரிசையில் எனக்கு இடம் இருக்குமோ என்று தேடிக்கொண்டு வந்தேன். ஓர் இருக்கையில் கறுப்புத் தோலங்கி கைகளை அகல விரித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் பட்டு வேட்டியுடன் நவரத்தினம்.

அன்றிலிருந்து பூப்புனித நீராட்டு, பிறந்தநாள், பேரனின் பள்ளிக்கூட நிகழ்ச்சி, எதுவானாலும், எந்த வெயிலானாலும், அந்த அங்கியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னதாகவே வந்துவிடுவார். எவராவது பக்கத்தில் அமரப்போனால், வீட்டாரெல்லாம் காத்திருந்து அந்த வசனத்தை அவரோடு சேர்ந்து சொல்வார்கள்:

"உதிலை இருக்கேலாது. முக்கியமான ஆள் ஒருத்தர் வாறார்."

நான் போவேன். இவ்வழக்கம் முறையற்றது என்று உரத்த குரலில் கண்டிப்பேன். அங்கியை எடுத்து, கைகளைப் பின்னால் மடித்து, மூன்றாக மடித்து, அவருடைய மடியில் வைத்துவிட்டு, என் இருக்கையில் அமர்வேன்.