பேராச்சி அமுக்க விடாத நீல எழுத்து

"மெயில்ல வந்த அந்த நீல எழுத்த அமுக்கிட்டீங்களா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க!"

பேராச்சி கேட்ட வேகத்தில் தளவாயின் கையிலிருந்த போன் தோல் துண்டுகளுக்குள் விழுந்தது. தாராவியில் பை தைக்கும் அந்தப் பட்டறைக்கு முதலாளி அவர். மூளை மட்டும் அவர் மனைவி.

"அமுக்கினேன். பாஸ்வேர்டு கேட்டான். ஞாபகம் வரல, விட்டுட்டேன்."

"உங்க மறதிக்கு ஒரு கெடா வெட்டணும்!"

"இன்னைக்கே போடலன்னா மெயில் பந்த், மூடிருவோம்னு சொல்லுதான்ளா!"

"அவசரப்படுத்துதாம்லா, அதான் ஃபர்ஜி, போலி. அனுப்புனவன் அட்ரஸப் பாருங்க. கம்பெனி பேரா அது?"

பார்த்தார். வாய்க்கு வந்த எழுத்துகள். அந்தச் சந்தே அவசரமாக அமுக்கும்போது அட்ரஸைப் பார்க்கிறவள் இவள் ஒருத்திதான். தளவாய்க்கு மீசை தானாக மேலே போனது.

"நூல் வாங்கிட்டு வந்து பாஸ்வேர்ட மாத்துதேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

அவள் திரும்பி வந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"திருடனுக்கு வழியே இல்லாம பண்ணிட்டேன். மெயில போன்லேருந்தே தூக்கிட்டேன்!"

"ஐயோ! அஞ்சு மணிக்குள்ள வாஷி சஃப்ரீன் மேடம் பை ஆர்டருக்கு மெயில்ல டிசைன் அனுப்புவாங்க. ஓகே சொல்லலன்னா ஐநூறு பையும் வேற பட்டறைக்குப் போயிரும். பாஸ்வேர்டு என்ன?"

மகன் பிறந்த தேதி. தப்பு. குலசாமி பேர். தப்பு.

"என் பேரப் போட்டுப் பாருங்க."

அதுவும் தப்பு.

"அதான, என் பேரெல்லாம் எதுக்கு வைக்கப் போறீங்க!"

அதற்குமேல் போன் விடவில்லை. பிறகு வரச் சொல்லிவிட்டது.

"எங்கயாவது எழுதி வச்சீங்களா?"

"ஒரு சீட்டுல எழுதி வச்சேன். கடை பேரு, போன் நம்பர், ஈமெயில், எல்லாம் அதுலதான். போன வாரம் மெயின் ரோட்டுக்கு போர்டு எழுதுன பெயிண்டர்ட்ட குடுத்தேன். திருப்பித் தரல."

"போர்டப் போயிப் பாத்தீங்களா?"

"எங்க நேரம்?"

மணி நாலு ஐம்பது. போன் அடித்தது. சஃப்ரீன். பேராச்சி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், மெயில் திறக்க மாட்டேங்குது. ஆர்டர மட்டும்..."

"அட, ஆர்டர் உங்களுக்குத்தான் பேராச்சி! டிசைன் ரெடி, பைல அடிக்க ஒரு பேருதான் கிடைக்காம இருந்துச்சு. இப்பதான் மெயின் ரோட்டுல உங்க புது போர்டப் பாத்தேன். ஈமெயிலுக்குக் கீழ, கடைசி வரில, 'பேராச்சிராணி7'. என்ன அழகான பேரு! ஐநூறு பையிலயும் பெருசா அதையே அடிச்சிரலாமா, என்ன சொல்றீங்க?"