ஷூவுக்குள் குந்திய சாமி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, திருவொற்றியூர் ஆலை மைதானத்தில் முந்நூறு பேர் தங்கள் ஷூவைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பொய்யில்லை. வியர்வை நாற்றம் வீசும் கான்வாஸ் ஷூவைத்தான் சொல்கிறேன். வரிசையின் முனையில், பெஞ்சுமேல் பட்டுத்துணி விரித்து வீற்றிருந்தார் ஸ்ரீலஸ்ரீ ஸ்திரபாதானந்த சுவாமிகள்.

போன வருஷம் இவர் மாதவரத்தில் மாட்டுக்கொம்பில் தகடு கட்டிக்கொண்டிருந்தார். பால் கூடவில்லை. என்ன செய்வது, மாட்டுக்குப் பக்தி போதாது! மனுஷன் அப்படியா? அவன் காசும் கொடுப்பான், சாட்சியும் சொல்வான். சுவாமிகள் திருவொற்றியூருக்கு வந்தார்.

வந்த நேரம் நல்ல நேரம். எழுபத்தொன்றாம் வருஷம் பொங்கலுக்கு ஓட்டப்பந்தயம் என்று ஆலையில் அறிவித்தார்கள். எண்ணூரிலிருந்து ஆலை வாசல்வரை ஓட வேண்டும். முதல் மூன்று பேருக்கு வேலை நிரந்தரம். உடனே தற்காலிகத் தொழிலாளி அத்தனை பேரும் ஓட ஆரம்பித்தார்கள். ஓடினால் கணுக்கால் பிசகும், முட்டி வீங்கும். பிசகின கால்களைத் தேடித்தான் சுவாமிகள் வந்தார், கையில் ஸ்திரத் தகட்டோடு.

தகடு முக்கோணமாக இருக்கும், செம்பு நிறம், நடுவில் சாமி படம். ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் வைத்தால் கால் புரளவே புரளாதாம். தட்சிணை இருபத்தொரு ரூபாய்.

"சாமி படத்தக் கால்ல மிதிக்கலாமாங்க?" என்று ஒருவன் மட்டும் கேட்டான்.

"நீ மிதிக்கவில்லை மகனே. அது உன்னைத் தாங்குகிறது" என்றார் சுவாமிகள். கூட்டம் உருகிப்போனது. காலில் காகிதம் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள், ஆறு மைல் தூரம் சாமியைக் குதிகாலால் நசுக்கிக்கொண்டு ஓடத் தயாரானார்கள். அடடா, என்ன பக்தி!

மனோகரனும் தகடு வாங்கியவன்தான். கொதிகலன் பகுதியில் கரி அள்ளுகிறவன். நாலு வருஷமாகத் தற்காலிகம். டிசம்பரில் வெளியே அனுப்பி ஜனவரியில் திரும்ப எடுப்பார்கள். இந்தத் தடவை, "பந்தயத்தில் ஜெயித்தால் உள்ளே வா, இல்லாவிட்டால் வேறு வேலை பார்" என்று மேஸ்திரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி தேவகிருபைக்கு ஏழாவது மாசம். மனோகரன் காற்றாய் ஓடுவான். ஆனால் மூன்றாவது மைலில் அவன் இடது கால் உள்பக்கமாக மடங்கும். அத்தோடு போச்சு.

சுவாமிகள் அவனை மேடையில் ஒற்றைக்காலில் நிற்கவைத்தார். கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். மணிக்கட்டில் இரண்டே விரல் வைத்தார். மனோகரன் சாய்ந்து விழுந்தான். பிறகு ஷூவில் தகடு வைத்து, மறுபடி நிறுத்தி, மறுபடி இரண்டு விரல். பாறை மாதிரி நின்றான்! தேவகிருபை பித்தளை அண்டாவை விற்று இருபத்தொரு ரூபாய் கொடுத்தாள்.

தகடு அவன் குதிகாலைக் கிழித்தது. கடவுள் சோதிக்கிறார் என்று ஒரு வாரம் நொண்டினான். கடைசியில் ஆலைச் சுவரோரம் செருப்பு தைக்கும் கன்னியம்மாவிடம் போனான். வழக்கம்போல நாலடி தள்ளி நின்று ஷூவைப் போட்டான்.

"இன்னா நைனா, அங்கேர்ந்து வுட்டெறியிற? நான் இன்னா கடிச்சிடவா போறேன்?" என்றபடி கன்னியம்மா ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தாள். "இத்தப் பாரு. உள்பக்கம் பூரா தேஞ்சி கீது. வெளிப்பக்கம் புதுசாட்டம் கீது. உன் காலு உள்ளாற சாயுது. வூட்டு சொவுரு சாஞ்சா தகடு அடிப்பியா, முட்டுக் குடுப்பியா?"

"நீ தகட்டு மேல ஒரு தோலு வச்சித் தைச்சிக் குடுக்கா, போதும். தகட்டத் தொட்டுடாத. தீட்டாயிடும்."

கன்னியம்மாவின் ஊசி நின்றது. "ஏன் நைனா, உன் கலீஜ் ஷூவுக்குள்ள குந்தினா சாமிக்குத் தீட்டில்ல. நான் தொட்டா தீட்டா?"

மனோகரனுக்குச் சுருக்கென்றது. ஷூவை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். மறுநாள் வந்து ஷூவை வாங்கிக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் பாருங்கள் அதிசயத்தை! மூன்றாவது மைல் வந்தது, கால் மடங்கவில்லை. நாலாவது மைல், ஐந்தாவது மைல், ஊஹூம். மனோகரன் ஊரெல்லாம் தகட்டின் புகழ் பாடினான். ராயபுரத்திலிருந்து துறைமுகத் தொழிலாளி கஸ்பார்கூட, கழுத்தில் சிலுவையோடு வந்து தகடு வாங்கினான். இன்னொருத்தன், தகடு போட்டதிலிருந்து பெண்டாட்டி திட்டுவதுகூடக் குறைந்துவிட்டது என்றான். அவன் வீட்டைவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால் அவள் யாரைத் திட்டுவாள்?

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை மேடையில் சாட்சி சொல்ல மனோகரனையே கூப்பிட்டார்கள். ஒற்றைக்காலில் நின்றான். சுவாமிகள் இரண்டு விரலால் அழுத்தினார். அசையவில்லை.

"ஸ்திரம்! ஸ்திரம்!" என்றது கூட்டம்.

"சாமி, ஒரு டவுட்டு." கன்னியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். "அந்த ஷூவுல தகடு கீதா?"

"இருப்பதால்தான் நிற்கிறான், பெண்ணே."

"மனோகரா, கழட்டு."

கழற்றினான். அவள் உள்தோலைக் கத்தியால் கீறினாள். உள்பக்க ஓரத்தில் லாரி டயர் துண்டு ஒன்று, ஆப்பு மாதிரி சீவி ஒட்டியிருந்தது. தகடு இல்லை.

"ஐயோ, தகடு எங்கக்கா?"

"அதுவா? நான் குந்துற பலகைக்கி ஒரு காலு ஆடிக்கினே இருந்துச்சி. அதுக்கு அடியில குடுத்தேன். ரெண்டு வாரமா ஆடல. சாமி தகடு நல்லாத்தான் வேல செய்யுது!"

கொண்டுவந்து நீட்டினாள். செம்புச் சாயம் தேய்ந்த இடத்தில், தேங்காய் எண்ணெய் டின்னில் சிரிக்கும் பெண்ணின் பாதி முகம் தெரிந்தது.

சுவாமிகள் அசருவாரா? "தகட்டின் சக்தி ஷூவில் ஊறிவிட்டது!" என்றார். கூட்டத்தில் பாதி உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அப்ப ஷூவே வேணாம். மனோகரா, வெறுங்கால்ல நில்லு." கன்னியம்மா அருகில் போய் நின்றாள். "தொடட்டுமா? தீட்டில்லியே?"

மனோகரன் தலை குனிந்தது. "தொடுக்கா. தப்பு என்னுதுதான்."

அவள் அவன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, வெளிப்பக்கமாகக் கீழே இழுத்தாள். விழுந்தான். எழுந்து நின்றான். முழங்கைக்கு மேலே விரலை வைத்து, உடம்புப் பக்கமாக அழுத்தினாள். பாறை மாதிரி நின்றான்.

"அதே ஆளு. தகடும் இல்ல, ஷூவும் இல்ல. வெளிய இழுத்தா வுழுவான், உள்ள அமுக்கினா நிப்பான். மூணு வாரமா எதுத்தாப்புல குந்திகினு பாக்கறேன். நீங்கள்லாம் சாமி மூஞ்சியப் பாத்தீங்கோ. நான் கையப் பாத்தேன்."

அடுத்த நிமிஷம் மைதானம் முழுக்க ஒருத்தனை ஒருத்தன் ஒற்றைக்காலில் நிறுத்தித் தள்ளிக்கொண்டிருந்தான். விழுகிறவன் சிரித்தான், நிற்கிறவன் திட்டினான். கஸ்பார் நேரே மேடைக்குப் போனான்.

"சாமி, உங்க செருப்புல ஏழு தகடு கீதுன்னு சொன்னீங்களே. கொஞ்சம் நில்லுங்க." இரண்டே விரல்தான் வைத்தான். ஸ்ரீலஸ்ரீ ஸ்திரபாதானந்தர் ஷூக் குவியலில் குப்புற விழுந்தார்.

விழுந்தவர் எழுந்தார். உண்டியலையும் செருப்பையும் விட்டுவிட்டு எண்ணூர்ச் சாலையில் ஓட்டம் பிடித்தார். வெறுங்காலில். துரத்திய நாற்பது பேராலும் பிடிக்க முடியவில்லை. கால் ஒரு இடத்தில்கூடப் புரளவில்லை! உண்டியலை உடைத்து அவரவர் காசை எடுத்துக்கொண்டார்கள். தேவகிருபையின் அண்டா வீடு திரும்பியது.

பொங்கல் பந்தயத்தில் மனோகரன் மூன்றாவதாக வந்தான். வாசலில் மேஸ்திரி அவன் பெயரை எழுதிக்கொண்டபோது, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதான்.

கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். நம் ஜனங்கள் முடிய விடுவார்களா?

மறுநாள் காலை கன்னியம்மா வந்து பார்த்தால், அவள் பலகைக்கு முன்னால் பெரிய வரிசை. ஒருத்தன் கையில் கற்பூரம். ஒருத்தன் டயர் துண்டுக்குக் குங்குமம் வைத்திருந்தான். முதல் ஆளாக நின்ற கஸ்பார், ஷூவைத் தலைமேல் வைத்தபடி, "எனக்கும் அதே டயர் போடு தாயே" என்றான்.

கன்னியம்மா அவன் ஷூவைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். "உனுக்கு வெளிப்பக்கம் தேஞ்சி கீது. அவுனுக்குப் போட்டத உனுக்குப் போட்டா கால ஒடச்சிக்குவ. போய் கற்பூரத்த அணைச்சிட்டு, அவனவன் ஷூவ அவனவன் திருப்பிப் பாருங்கடா!"

யாரும் அசையவில்லை. டயரம்மா கோபப்படுகிறாள் என்று இரண்டு பேர் தோப்புக்கரணம் போட்டார்கள்.

கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"காலு சாஞ்சா நான் முட்டுக் குடுப்பேன். கழுத்துக்கு மேல கீறத நீங்கதான்டா கொஞ்சமாவது ஓட வுடணும்!"