விமானம் கடத்தூர் வந்து சேர்ந்த விவரம்

சேசு மரி சூசை துணை

கடத்தூர்,
1987 டிசம்பர், முதல் ஞாயிறு, பூசை முடிந்து.

பெங்களூரில் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மாமா அருள்நாதன் அவர்களுக்கு, மருமகன் மதலைமுத்து பணிவோடு (இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும்) எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, ராஜமேரி அக்கா, டி.வி. பெட்டி, நான் எல்லோரும் சுகம். அங்கு தாங்களும் அத்தையும் சுகமாக இருக்கவும், தாங்கள் எனக்குக் கொடுத்த வாக்கு அதைவிடச் சுகமாக இருக்கவும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. விமானம் இறங்கிவிட்டபடியால் தாராளமாக நிற்கலாம்.

வாக்கு எதுவென்று தாங்கள் மறந்திருந்தால் நினைவூட்டுவது மருமகன் கடமை. வீடு மாற்றும்வரைக்கும் என்று இந்தச் சின்னக் கம்ப்யூட்டரையும் விமானம் ஓட்டும் கேசட்டையும் எங்கள் வீட்டில் இறக்கி, டி.வி.யோடு இணைத்து வைத்த அன்று, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "உலகத்த ஒரு ரவுண்டு சுத்தி வந்து, கீழ விழாம கடத்தூர்லயே எறக்கிக் காட்டறவங்களுக்கு இந்த மிஷினு சொந்தம். இல்லாட்டி கிறிஸ்துமஸுக்கு வந்து தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்" என்றீர்கள். 'காட்டறவங்களுக்கு' என்று என்னை மரியாதையாகச் சொன்னதை நான் மறக்கவே இல்லை. இந்த வீட்டில் எனக்கு விழுந்த முதல் 'ங்க' அது.

அன்றைக்கே கிளம்பிவிட்டேன். தாத்தா ஏர் ஓட்டினார், அப்பா லாரி ஓட்டுகிறார், நான் ஏரோபிளேன் ஓட்டுகிறேன்; குடும்பம் மேலே போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கேசட்டில் இருப்பது ஒரே ஒரு ரன்வே, ஒரு ஏரி, மிச்சமெல்லாம் வெறும் தரை. அதனால் பள்ளிக்கூட அட்லஸைச் சுவரில் ஒட்டி, ஓட்டிய நேரத்துக்குத் தகுந்தபடி ஒரு புளியங்கொட்டையை மெழுகு வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். ரன்வேக்கு அன்றன்றைக்கு எந்த ஊரோ அந்த ஊர்ப் பெயர். கரண்ட் போனால் விமானம் விழவில்லை, பத்திரமாக இறங்கியது என்று சட்டம் போட்டேன். கடல் நடுவில் கரண்ட் போனபோதுதான் சட்டம் கொஞ்சம் நனைந்தது. அதற்கு மின்வெட்டு என்று பெயர் இல்லை மாமா, மீன்வெட்டு. ரோமாபுரி வந்த அன்று அம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, "டேய், பெரிய கோயிலு மேல ஓட்டாதடா, பாவம். சுத்திக்கிட்டுப் போ" என்றாள். அம்மா சொல்லுக்காகப் புளியங்கொட்டை அரை அங்குலம் வளைந்து போனது. பசிபிக்கில் பசி. அது முடிகிற மாதிரியே இல்லை, டி.வி.யில் ஒரே வெறும் கோடு. வெள்ளிக்கிழமைப் பாட்டுப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, இந்தப் படத்துல ஆளுங்களே வரமாட்டாங்களா?" என்றார். "இண்டர்வெலுக்கு அப்புறம் வருவாங்கக்கா" என்றேன். உட்கார்ந்தே இருந்தார், பாவம். ராஜமேரி அக்காவை ஏர் ஹோஸ்டஸாக நியமித்திருந்தேன். கடலைக் கடக்கக் கடலை. டைப்ரைட்டிங் கிளாஸ் போய் வந்து, முணுமுணுத்துக்கொண்டே வறுத்துக் கொடுத்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் மட்டும் கம்ப்யூட்டர் சாவிகளை அவள் பிடித்துக்கொள்ளலாம்.

இனி நேற்றுத் தங்களுக்கு வந்த டிரங்க் கால் விவரம். புளியங்கொட்டை மெட்ராஸைத் தாண்டி, பாப்பிரெட்டிப்பட்டி மேலே வந்துவிட்டது. இறங்கும் நேரத்தில் தாங்கள் போனிலாவது சாட்சியாக இருக்கட்டும் என்று அக்காவிடம், "சும்மா புடிச்சிக்க, எதையும் அமுக்காத" என்று சொல்லிவிட்டுத் தபாலாபீசுக்கு ஓடினேன். லைனில் தாங்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசினீர்கள். அதனால் நானும் கிணற்றுக்குள் கத்துகிற மாதிரி, "மாமா! விமானம் கடத்தூரு! இன்னிக்கே கடத்தூரு!" என்று கத்தினேன். தாங்கள் "யாருடா?" என்றீர்கள். லைன் கட். பின்னால் மணியார்டர் வாங்க நின்ற மண்டிக்காரர் காளியப்பன் காதில் அது "விமானம் கடத்துறாரு, இன்னிக்கே கடத்துறாரு" என்று விழுந்திருக்கிறது. ரேடியோவில் செய்தி கேட்டுக் கேட்டு அந்தக் காது அப்படிப் பழகிவிட்டது. ஊர்ப் பெயரில் இருக்கிற கோளாறுக்கு நான் பொறுப்பாக முடியுமா, சொல்லுங்கள். வி போனால் மிச்சம் இருப்பது மானம். அதுவும் போகப் பார்த்தது. நான் வீட்டுக்குள் நுழைய, அவர் சொல்லி என் பின்னாலேயே கான்ஸ்டபிள் தர்மன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

அந்தச் சமயம் நான் உயரம் குறைவான ஓர் இடத்திலிருந்து நிலைமையைக் கண்காணித்துக்கொண்டிருந்ததால், காதில் விழுந்ததையும் கண்ணில் பட்ட கொஞ்சத்தையும் மட்டும் எழுதுகிறேன்.

"கஸ்பாரு, உம் பையன் விமானம் கடத்துறானாமே?"

"அவனா? அவன் ஆட்டைக்கூட ஒழுங்கா ஓட்டமாட்டானுங்க."

"விமானம் எங்க?"

"டி.வி.க்குள்ளங்க. எறங்கப் போவுது, செத்த உக்காருங்க."

மாமா, உட்கார்ந்தவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார். அப்பாவோ தொப்பூர் இறக்கத்தில் லாரி ஓட்டுகிற நினைப்பில், "நியூட்ரல் பண்ணிடாத, கியர்லயே எறங்கட்டும், ஆரன் எங்க, ஆரன் அடி!" என்று கத்துகிறார். "விமானத்துல ஆரன் கெடையாதுப்பா." "அப்ப எதிர்ல வர்றவனுக்கு எப்பிடித் தெரியும்?" கான்ஸ்டபிள், "ஏரிக்கரை வருது, ஏரிக்கரை! லெப்டுல ஒடிங்கறேன்!" என்று லத்தியால் டி.வி.க்கே டிராபிக் காட்டுகிறார். அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். இப்படியாக, ஒரு கீறல் இல்லாமல், அட்லஸிலும் டி.வி.யிலும் ஒரே நேரத்தில், விமானம் கடத்தூரில் இறக்கப்பட்டது. தர்மன் அவர்கள் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்து, "பெங்களூர்க்காரரு கேட்டா நான் கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க" என்று காப்பி குடித்துவிட்டுப் போனார். போலீசே சாட்சி.

ஆகவே மாமா, கிறிஸ்துமஸுக்கு அவசியம் வாருங்கள். பெரிய பை மட்டும் கொண்டுவர வேண்டாம். மிஷின் அது இருக்கிற இடத்திலேயே சொந்தமாகிவிட்டது. மனசு நிறைந்திருக்கிறது. அத்தைக்கு என் தோத்திரம் சொல்லவும். தங்கள் ஆசீர் என் தலையில் இறங்க ரன்வே காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
உலகம் சுற்றி முடித்த மருமகன்,
கஸ். மதலைமுத்து

பின்குறிப்பு: மாமா, ராஜமேரி எழுதுகிறேன். இவன் கோழிக் கிறுக்கல் பெங்களூர் போய்ச் சேராது என்று விலாசம் எழுத அப்பா என்னிடம் கொடுத்தார். "இறக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறானே, யாரால் என்று கேளுங்கள். செயப்பாட்டு வினையில் ஆள் ஒளிந்துகொள்ள வசதி. இவன் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டான். "உயரம் குறைவான இடம்" அதுதான். அப்பா, "வாடா, வந்து எறக்குடா" என்று கத்தியும் வரவில்லை. சாவியைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்த நான்தான் இறக்கினேன். போலீசே சாட்சி. நீங்கள் சொன்ன "காட்டறவங்களுக்கு" மரியாதை இல்லை மாமா, பொது. அதனால் மிஷின் எனக்கு. தம்பி பாவம், அவனை அப்படியே விட்டுவிட மாட்டேன். நாளைக்கு இரண்டாவது சுற்றுக் கிளம்புகிறேன், இவன்தான் ஏர் ஹோஸ்டஸ். இப்போது அடுப்படியில் கடலை வறுத்துக்கொண்டிருக்கிறான். கருகுகிற வாசனை வருகிறது, முடிக்கிறேன்.