தாடை கழுவிய அன்று

நான் ஒரு முறுக்கைத் தின்று முடிப்பதற்குள் என் வலது தாடை ஏழு முறை 'டக்' என்று சொல்லும். எண்ணியிருக்கிறேன். வடைக்கு மூன்று. கணக்கு வாத்தியாராகவே தலை நரைத்தவனுக்கு எண்ணாமல் தின்ன வராது. (மனைவி சரோஜா எண்ணுவதில்லை. "தகரத்துல மழை பேயுது" என்பாள், அவ்வளவுதான்.)

மூட்டு தேய்ந்துவிட்டது என்றார் கண்டியில் பார்த்த டொக்டர். யாழ்ப்பாணத்துப் பெண். "முழங்கால் தேயிற மாதிரித்தான் ஐயா. வெட்டத் தேவையில்லை. காதுக்கு முன்னால ரெண்டு ஊசி போட்டு, ஒண்டால உப்புத்தண்ணி விட்டு மற்றதால வெளிய எடுத்து, மூட்டைக் கழுவி விடுவம். கடைசியில வழுவழுப்புக்குக் கொஞ்சம் மருந்து. அண்டைக்கே வீட்ட போகலாம்."

"கழட்டிக் கழுவுவீங்களா?" என்று கேட்டேன். என் மனதில் இருந்தது கட்டுப்பல்.

"இல்லை ஐயா. அது இருந்த இடத்திலயே இருக்கும்."

அந்த நேரத்தில் மகன் குமரனுக்கு நாவலப்பிட்டியில் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவன் முதல் தடவையாக "சரிப்பா" என்று சொல்லியிருந்தான். நாங்கள் போய்ப் பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லி, சம்மதத்துக்கு அடையாளமாக அங்கே கை நனைத்துவிட்டு வருவதுதான் பாக்கி. பெண்ணின் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று: குடிக்கிற வீட்டுக்குப் பெண் இல்லை. எனக்கென்ன பயம்? இருமல் மருந்தையே மோந்து பார்த்துக் குடிக்கிறவன் நான்.

என் பயமெல்லாம் முறுக்கைப் பற்றித்தான். சம்பந்தி வீட்டில் ஏழு டக். நினைத்தாலே வியர்த்தது. கழுவிக்கொண்டு போய்விடலாம் என்று, பெண் பார்க்கப் போகிற அன்று காலைக்கே நேரம் வாங்கினேன். சரோஜா வேண்டாம் என்றாள். டொக்டரிடம் பயணத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. (திறந்தால் டக் என்றிருக்கும்.)

கழுவி முடிந்தபோது என் வலது பக்க முகம் வேறு யாருக்கோ வாடகைக்குப் போயிருந்தது. "மரக்கப் போட்ட மருந்து சில பேருக்கு முகத்து நரம்பையும் கொஞ்ச நேரம் நித்திரையாக்கும். பின்னேரம் சரியாகிடும்," என்றார் டொக்டர். "இந்தக் கண் இப்ப மூடாது. பஞ்சு வச்சு ஒட்டியிருக்கிறன், எடுக்க வேண்டாம். கனக்கக் கதைக்கவும் வேண்டாம்."

வேன் கம்பளை தாண்டியதும் கண்ணில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்தெடுத்தேன். ஒற்றைக் கண்ணோடு போனால் பக்கவாதக் குடும்பம் என்று நினைக்க மாட்டார்களா? "யாரும் மூச்சு விடக்கூடாது" என்று மனைவிக்கும் மகனுக்கும் உத்தரவு போட்டேன். அது "யாரும் ஊச்சு உடக்கூடாது" என்று வந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

நாவலப்பிட்டியில் நான் இமைத்தபோதெல்லாம் இடது கண் மட்டும் மூடித் திறந்தது. எனக்குத் தெரியாது. எதிரே இருந்த பெண்ணின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமையலறைக்குள் போனபோது, மரியாதை தெரிந்த பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன். பெண் மலர்விழி கொடுத்த, பால் விடாத பிளேன்டி பாதி உள்ளே போனது, மீதி சட்டையில்.

நான் தொண்டையைச் செருமினேன். "ஒண்ண எங்களுக்கு உடிச்சிருக்கு."

அவளுடைய அப்பா கதிரையில் முன்னால் சரிந்தார். "என்னண்ணே?"

"நல்லா உடிச்சிருக்கு." சிரித்தேன். பாதிச் சிரிப்புத்தான் வந்தது.

"குடிச்சிருக்கீங்களா?"

ஆஸ்பத்திரியில் தண்ணீர் போகாமல் காதுக்குள் வைத்த பஞ்சு இன்னும் அங்கேயே இருந்தது. எனக்கு விழுந்தது 'புடிச்சிருக்கா' என்றுதான். உற்சாகமாகத் தலையாட்டினேன். மனைவியையும் மகனையும் காட்டி, இவர்களுக்கும்தான் என்று சைகை செய்தேன். கண்ணும் சிமிட்டியிருக்கிறேன்.

அவர் எழுந்து கதவைத் திறந்து, வெளியே நின்ற எங்கள் டிரைவரைக் கூப்பிட்டார். "தம்பி, வேன எடுங்க."

குமரனின் முகம், கணக்குப் பாடத்தில் தோற்றபோதுகூட அப்படி விழவில்லை. (என்னிடம் படித்தவன்தான்.)

கோப்பையை எடுக்க என் வலது பக்கம் வந்த மலர்விழி குனிந்து பார்த்தாள். "அப்பா, இருங்க. இவரு காதுல பஞ்சு இருக்கு. முன்னால ஊசி குத்துன அடையாளமும் இருக்கு."

சரோஜா உத்தரவை மீறினாள். "தாடையக் கழுவிட்டு வந்திருக்காருங்க. முகம் மரத்துப் போச்சு. பொண்ணு புடிச்சிருக்குன்னுதான் சொல்றாரு."

"முகத்தக் கழுவுவாங்க. தாடைய எப்படிம்மா கழுவுறது?"

குமரன் ஊசி, உப்புத்தண்ணீர் என்று விளக்கி முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை. பிறகு சமையலறையிலிருந்து ஒரு குரல்: "அப்ப கண்ணடிச்சது?"

"அது அடிக்கலங்க, மத்தது மூடல," என்றாள் சரோஜா. "கட்டுன நாள்லருந்து எனக்கே ஒரு தடவ அடிச்சதில்ல."

கார்டு ஐயா அப்போது சிரிக்கத் தொடங்கியவர், முறுக்குத் தட்டு வந்தும் நிறுத்தவில்லை. என்னால் கடிக்க முடியாதே என்று மலர்விழி முறுக்கைப் பிளேன்டியில் ஊறவைத்துக் கூழாக்கிக் கரண்டியோடு தந்தாள். கை நனைத்தேன். ஒரு டக் கூட இல்லை. (கூழுக்கு எங்கே சத்தம் வரும் என்று சரோஜா இன்றும் வாதாடுகிறாள்.)

மலர்விழி இப்போது எங்கள் வீட்டில். எதைப் பரிமாறினாலும் ஒரே கேள்வி: "மாமா, குடிச்சிருக்கா?" "நல்லா குடிச்சிருக்கும்மா" என்பேன். மூன்று வேளையும் இதுதான்.

போன கிழமை, மடவளையிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியேறிய ஹாஜியார் என்னை வேலியோரம் கூப்பிட்டார். "கோவிச்சுக்காதீங்க மாஸ்டர். காலையிலேயே மருமகப் புள்ள கேக்குறது எங்க ஊட்டுக்கு விளங்குது. இத விட்டுடலாம். குடிய மறக்க வைக்கிற நல்ல எடம் இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன்."

விளக்கம் சொல்ல வாயை அகலத் திறந்தேன்.

டக். ஒன்று.