பதினான்கு தெய்வத்திருக்கள்

இருபத்தாறு வருடமாக ஊரார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் தப்புக் கண்டுபிடித்து வயிறு வளர்த்தவன் நான். சொந்த மகளின் பத்திரிகையில், உயிரோடு இருந்த பதினான்கு பேரை ஒரே பக்கத்தில் சாகடித்தவனும் நான்தான். வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

தச்சநல்லூரில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பத்திரிகை வடிவமைப்பதும் திருத்துவதும் என் வேலை. போன ஆவணியில் ஒரு நாள் முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். (அண்ணாச்சி உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.)

"வே, நீரு நாள் முழுக்க செய்யுத வேலைய அந்த ஏஐ அஞ்சு நிமிசத்துல செய்யுதாம். பேட்டையில சின்னத் தொழில்காரங்களுக்கு ஒரு நாள் சொல்லிக் குடுக்காவ. போயிட்டு வாரும். கத்துக்கிட்டீர்னா இருக்கலாம். இல்லன்னா எனக்கு வேற வழி தெரியல."

மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், வேலை போன அப்பாவாக மணமேடையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

பேட்டைப் பயிற்சியில் எனக்கு ஒரு பக்கம் பாத்திரப் பட்டறைக்காரர், மறுபக்கம் தையல்கடை அம்மா. மூன்று பேர் முகத்திலும் ஊசி போட்டுக்கொள்ள வந்த களை. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

"பயப்படாதீங்க சார். வேலைக்குப் புதுசா ஒரு ஆளு வந்திருக்கான்னு நினைச்சுக்கிடுங்க. அவனுக்கு எல்லாம் தெரியும், நம்ம ஊரு வழக்கம் மட்டும் தெரியாது. அத நீங்கதான் சொல்லணும். அவன் செஞ்சத ஒரு தடவ வாசிச்சும் பாக்கணும்."

இதை அப்படியே நோட்டில் எழுதி இரண்டு அடிக்கோடு போட்டேன். (நோட்டு இன்னும் இருக்கிறது. அடிக்கோடும் இருக்கிறது.)

முதல் வெள்ளோட்டத்துக்கு மகளின் பத்திரிகையையே எடுத்துக்கொண்டேன். முன்பக்கம் ஒழுங்காக வந்தது. பின்பக்கம்தான் எப்போதும் கண்ணிவெடி. அங்கேதான் சொந்தக்காரர்கள் பட்டியல் வரும். என் தம்பி கல்யாணத்தில் ஒரு சித்தப்பாவுக்குத் 'திரு' என்றும் இன்னொருவருக்கு 'உயர்திரு' என்றும் விழுந்துவிட, வெறும் திருவானவர் பந்தியிலிருந்து எழுந்து போனார். அந்தப் பயத்தில், மிகத் தெளிவாக இப்படித் தட்டினேன்:

'பின்பக்கத்தில் உள்ள பதினான்கு பேருக்கும் ஒரே அளவு மரியாதை வேண்டும். முன்பக்கத்தில் என் தகப்பனாருக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதை. யாருக்கும் ஒரு படி குறையக் கூடாது.'

என் தகப்பனார் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. முன்பக்கத்தில் அவர் பெயருக்கு முன்னால், இறந்தவர்களுக்குப் போடுகிற 'தெய்வத்திரு' இருந்தது.

நான்கே நிமிடம். அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்பக்கம் வாசிச்சீராவே?"

"அது மெஷின் போட்டது அண்ணாச்சி. தப்பு வராது."

இருபத்தாறு வருடத்தில் நான் வாசிக்காமல் அச்சுக்கு அனுப்பிய முதல் பக்கம் அது. வேகத்தைக் காட்டினால் வேலை நிலைக்கும் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் ஐந்நூறு பத்திரிகைகளும் அச்சாகிவிட்டன.

முதல் பத்திரிகையைச் சாமி முன்னால் வைத்தோம். அடுத்தது தாய்மாமனுக்கு. என் மனைவியின் அண்ணன் உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறார். வெற்றிலை பாக்கு, பழத்தோடு பஸ் ஏறினோம். வழியில் என் மனைவி பத்திரிகையை இரண்டு பக்கமும் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அவளும் வாசிக்கவில்லை. (இருபத்தாறு வருடம் பிழை திருத்துகிறவனின் மனைவி எதற்கு வாசிக்க வேண்டும்?)

மச்சான் தாம்பாளத்தை வாங்கி வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை நிதானமாக வாசித்தார். பின்பக்கம் திருப்பினார். தன் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"மாப்ளே, நான் எப்பம் போனேன்?"

எனக்குப் புரியவில்லை.

"காலையில கூட நாலு தோச தின்னேனே. என் பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பாரும்."

எட்டிப் பார்த்தேன். 'தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கும்' என்ற வரிக்குக் கீழே, பதினான்கு தெய்வத்திருக்கள் வரிசையாக நின்றார்கள். என் மனைவி பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தாள். சுவரைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அதற்குள் மச்சானின் போன் அடித்தது.

"யாரு? ஆமா, நான்தான் பேசுதேன். இல்ல, இன்னும் எடுக்கல. எடுக்கும்போது சொல்லுதேன்."

நாங்கள் அங்கே இருந்தவரை அவருடைய சாவுக்கு ஆறு பேர் துக்கம் விசாரித்தார்கள். எல்லாருக்கும் அவரே பதில் சொன்னார். கிளம்பும்போது, "கல்யாணத்துக்கு வந்திருவீங்கல்லா மச்சான்?" என்று கேட்டேன்.

"செத்தவன் வந்து மால போடலாமான்னு ஐயர்கிட்ட கேட்டுச் சொல்லும்."

மறுநாள் அச்சகத்துக்கு, சொல்லிக்கொண்டு விலகிவிடலாம் என்றுதான் போனேன். அண்ணாச்சி பின்பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"பதினாலு பேரு மேலருந்து வா வான்னு கூப்பிட்டா எவன்வே வருவான்?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "சரி, விடும். யாரு இருக்கா, யாரு போயிட்டான்னு மெஷினுக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல ஒரு ஆளு வேணும்லா. அத நீரு பாரும்."

அப்படித்தான் என் வேலை தப்பியது. ஐந்நூறையும் திரும்ப அடித்தோம். மச்சான் கல்யாணத்துக்கு வந்து மாலை போட்டார், மேடையில் எல்லாரையும் தன்னைக் கிள்ளிப் பார்க்கச் சொன்னார். நான் இப்போது வடிவமைப்பதில்லை, திருத்துவதில்லை. பட்டியலும் போனுமாக உட்கார்ந்து, "உங்க பெரியப்பா நல்லா இருக்காங்களா?" என்று வீடு வீடாகக் கேட்கிறேன். "காலையிலேயே எங்க வீட்டுல யாரு போயிட்டான்னா கேக்கீரு?" என்று ஓர் அம்மா போனை வைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு பட்டியலைக் கொடுத்தபோது, ஏஐ தானாகவே கேட்டது: 'இவர்களில் காலமானவர்கள் யாராவது உண்டா?'

எனக்கென்று மிஞ்சியிருந்த ஒரே கேள்வி அது. அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மகளிடம் மட்டும் சொன்னேன். "எங்க ஆபீஸ்லயும் இதே பேச்சுதான்பா" என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

மச்சானிடமும் அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உடன்குடியிலிருந்து போன் வருகிறது. என் மனைவி எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடுவாள்.

"மாப்ளே, தெய்வத்திரு பேசுதேன். உம்ம வேல உசிரோட இருக்கா?"

வீடே சிரிக்கும். "இன்னைக்கு வரைக்கும் இருக்கு மச்சான்" என்பேன்.